கூடைக்குள் ஆறுமணிக் குருவி

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரம் பார்த்து எனக்கு போன். பக்கத்து வீட்டு மேரி அக்கா வீட்டிலிருந்து என் மனைவி கமலா பேசினாள். சேலையூரில் எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான் போன். அதில் கூப்பிடுகிறாள் என்றால் யாரோ ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று பதறிப்போனேன்.

"என்னங்க, பின்பக்கம் துவைக்கிற கல்லுகிட்ட ஒரு குருவி வந்து விழுந்துச்சு. பூனை வேற சுத்திக்கிட்டே இருந்துச்சா... காய்கறிக் கூடையைக் கவுத்து மூடி வெச்சிருக்கேன்."

"என்ன குருவி?"

"முதுகு பச்சை. தோள்ல நீலம். வயித்துக்குக் கீழ நல்ல சிவப்பு. கண்ணுக்கு மை இழுத்த மாதிரி கறுப்புக் கோடு. வாலுதான் இத்துனூண்டு... யாரோ கத்தரிச்சுட்ட மாதிரி."

டப்பாவை மூடிவிட்டேன்.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என் பைனாகுலர் பைத்தியம் தெரியும். பறவை பார்க்கிற ஒவ்வொருவருக்கும், சாவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு பறவை இருக்கும். சிலருக்கு ராஜஸ்தான் கானமயில். சிலருக்கு பரத்பூருக்கு வரும் சைபீரியக் கொக்கு. எனக்கு ரயில் டிக்கெட்கூடத் தேவைப்படாத பறவை — ஆறுமணிக் குருவி.

காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடுவதால் அந்தப் பெயர். ஒவ்வொரு ஐப்பசியிலும் வடக்கேயிருந்து தெற்கே போகும் வழியில் நம் தாம்பரத்தைத் தாண்டித்தான் போகிறது. களைத்துப்போனால் யார் வீட்டு பாத்ரூமிலாவது விழுகிறது. பறவை என்றால் காக்கா என்று நினைப்பவர்கள்கூட அதைப் பார்த்திருக்கிறார்கள். நானோ வண்டலூர் மலை, நன்மங்கலம் காடு என்று பன்னிரண்டு வருஷமாக அலைகிறேன். ஒரு இறகாவது? ம்ஹூம்!

இங்கே ஒரு பாவத்தைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை கோஷ்டியில் ஏழு பேர். ஆளுக்கொரு நோட்டு. பார்த்த பறவையெல்லாம் அதில் ஏறும். மூன்று வருஷத்துக்கு முன்னால் விக்டர் சார் — குரோம்பேட்டையில் பள்ளிக்கூட வாத்தியார், பரம சாது — முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். ஆறுமணிக் குருவியைப் பார்த்துவிட்டாராம். எங்கே? எதிர்வீட்டுக்காரர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து காட்டினாராம்!

எனக்கு வயிறு எரிந்தது. அதை வெளியே சொல்ல முடியுமா? அதனால் சட்டம் பேசினேன். "அடைபட்ட பறவையைப் பார்த்தால் நோட்டில் சேராது சார். முதல் முதலாகப் பார்க்கும்போதே அது சுதந்திரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மிருகக்காட்சிசாலைக்குப் போய் ஒரே நாளில் நூறு எழுதிக்கொண்டு வரலாமே!"

எல்லோரும் தலையாட்டினார்கள். விக்டர் சாரும் ஆட்டினார். நோட்டில் அந்த வரியை அடித்துவிடுங்கள் என்றேன். அன்றிலிருந்து அது கோஷ்டியின் சட்டம்.

இப்போது என் வீட்டில், என் காய்கறிக் கூடைக்குள் ஒரு ஆறுமணிக் குருவி.

வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பதாக மேனேஜரிடம் அரை நாள் லீவு கேட்டேன். "எந்த ஊர்லேர்ந்து?" என்றார். "இமயமலைப் பக்கம்" என்றேன். யாரோ சாமியார் என்று நினைத்திருப்பார். உடனே அனுமதி கொடுத்துவிட்டார்.

பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை ரயிலில் உட்காரவே இல்லை. பறவை பிழைத்திருக்குமா? பூனை கூடையைத் தள்ளிவிட்டிருக்குமா? கிண்டி தாண்டியதும் இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது. கூடைக்குள் பார்த்தால் அது சேருமா?

வீட்டுக்குப் போனால் கொல்லைப்புறத்தில் திருவிழாக் கூட்டம். மேரி அக்கா, மாடி வீட்டுக்காரர்கள், தெருமுனையில் இஸ்திரி போடும் ஏழுமலை. கூடை மேல் ஈரத்துண்டு போர்த்தியிருந்தது. எல்லோரும் முறை வைத்துத் துண்டை விலக்கிப் பார்த்து முடித்திருந்தார்கள்.

"இன்னா கலரு சார்!" என்றார் ஏழுமலை. "குனிஞ்சு பாரு சார். சும்மா சூப்பரா கீது!"

நான் குனியவில்லை. துண்டு ஓரத்தில் லேசாக விலகியிருந்தது. அந்த இடுக்கில் பச்சையாக ஏதோ அசைந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நான் இவ்வளவு கூச்சப்பட்டதில்லை.

"பாக்கலையாங்க?" என்றாள் கமலா.

"இப்ப பாத்தா சேராது."

"எதுல சேராது?"

"நோட்டுல."

கமலா என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க இந்தப் பக்கம் போதாது.

திட்டத்தைச் சொன்னேன். நான் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பேன். அவள் கூடையைத் தூக்க வேண்டும். பறவை வெளியே வந்ததும் "விட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். அப்போது திரும்புவேன். முதல் பார்வை, சுதந்திரப் பறவை, சட்டப்படி சுத்தம்! "அதுவரைக்கும் ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. சின்னச் சத்தம் கேட்டாலும் பறந்துடும்" என்று எச்சரித்தேன்.

"இன்னா சார் நீ, கல்யாணத்துக்கு வந்துட்டு அந்தாண்ட திரும்பிக்கினு நிக்கறே?" என்றார் ஏழுமலை. கொள்கை உள்ளவனுக்கு இதெல்லாம் சகஜம்.

சுவரைப் பார்த்து நின்றேன். கூடை தூக்கும் சத்தம் கேட்டது.

பிறகு... அமைதி.

காத்திருந்தேன். சுவரில் போன எலெக்‌ஷனுக்கு அடித்த சின்னம் பாதி உரிந்திருந்தது. அதை முழுவதும் பார்த்து முடித்தேன். "ஐயோ, குதிச்சுக் குதிச்சு வருதே!" என்று யாரோ முணுமுணுத்தார்கள். "தண்ணி குடிக்குது பாரு..." இது கமலாவின் குரல். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"விட்டாச்சா?" என்று கிசுகிசுத்தேன்.

"ஷ்ஷ்... பேசாதீங்க சார், பறந்துடும்!" என்றார் மேரி அக்கா.

பேசவில்லை. திரும்பவும் இல்லை. இரண்டு நிமிஷம் இருக்கும். என் தோளுக்குப் பக்கத்தில் விர்ரென்று ஒரு சத்தம். பின்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் "ஆ..." என்றார்கள்.

திரும்பினேன். காலிக் கூடை, ஈரத்துண்டு, வாய் திறந்து நிற்கும் ஆறு பேர். அவ்வளவுதான்.

"சொல்ல மறந்துட்டேங்க" என்றாள் கமலா. அவள் கண் கலங்கியிருந்தது. "அதையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அழுகைதான் வந்தது. முகம் கழுவுகிற மாதிரி பாத்ரூமுக்குள் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவளம் போகும் பஸ்ஸில் விக்டர் சார் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "அந்தச் சட்டத்தை எடுத்துடலாம் சார். உங்க குருவியை மறுபடியும் எழுதிக்கோங்க. அன்னிக்கு நான் பேசினது முழுக்கப் பொறாமை" என்றேன்.

"மறுபடியும் எதுக்கு சார்? நான் அடிக்கவே இல்லையே" என்றார்.

"தலையாட்டினீங்களே?"

"நீங்க அவ்ளோ ஆவேசமா பேசினீங்க. எதுக்கு உங்க மனசைக் கஷ்டப்படுத்தணும்னு ஆட்டி வெச்சேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க வீட்டம்மா நல்லா பாத்தாங்களா சார்? தண்ணி குடிக்கிறதையுமா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். அவரும் கமலாவும் கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அந்த நீலம் வெயிலில் எப்படி மாறும், குதிக்கும்போது வால் எப்படி ஆடும் என்று ஒரு மணி நேரம் பேச்சு. ஒருவர் தொடங்குவதை இன்னொருவர் முடித்தார். நடுவில் நானும் ஏதோ சொல்லப் பார்த்தேன். புத்தகத்தில் படித்ததுதான். இருவரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, மறுபடியும் வாலுக்குப் போய்விட்டார்கள்.

நான் எழுந்து போய் காபி போட்டேன். நன்றாக இருந்ததாம்.