ஹோலில் கொழுவாத படம்

போன மாதம் சம்பந்தி வீட்டாருடன் அயர்லாந்து போய்வந்தோம். மகளின் மாமனாருடைய முன்னோர் வாழ்ந்த ஊர். கல்பாலமும் இடிந்த கோட்டையுமாக, சத்தமே இல்லாத சின்ன ஊர்.

தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு புல்வெளி. பழைய பஞ்சத்தில் செத்தவர்களை அங்கேதான் மொத்தமாகப் புதைத்தார்களாம். ஒருவருடைய பெயரும் தெரியாது. ஆனாலும் இன்றுவரை புல்லை ஒழுங்காக வெட்டி, பூ வைக்கிறார்கள்.

சம்பந்தி அழுதார். என் மகள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இன்று மோர்னிங்சைட்டில் அவள் வீட்டுக்குப் போனேன். ஹோல் சுவரில் அந்தப் புல்வெளியின் படம், பெரிதாக, பிரேம் போட்டு.

என் பையில் தம்பியின் படம் இருந்தது. எங்கள் ஊரில், போரில் காணாமல் போனவன்.

"இதையும் பக்கத்தில கொழுவி விடு பிள்ளை" என்றேன்.

"அப்பா, ஹோலுக்கு இது கொஞ்சம் டிப்ரஸிங். வாற ஆக்கள் ஆரெண்டு கேப்பினம்."

"கேக்கட்டும். என்ர சித்தப்பா எண்டு சொல்லு."

படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"சித்தப்பான்ர பேர் என்ன?"

முப்பத்திரண்டு வயதுப் பிள்ளை கேட்கிறாள். அவளுக்கு நான் எப்போதாவது சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.

பெயரைச் சொன்னேன். படத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

உங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் வீட்டில் செத்தவர்களின் பெயர் தெரியுமா? தெரியாவிட்டால் அயர்லாந்துப் பக்கம் ஒரு சம்பந்தி பாருங்கள். அழவாவது பழகிக்கொள்வார்கள்.