கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே

கட்டு அவிழ்த்த அன்றுதான் என் நோய் எனக்குத் தெரிந்தது. அதுவரை வெறும் தீக்காயம் என்றே நினைத்திருந்தேன். புண் ஆறினதும் எந்த ஊருக்குப் போகலாம் என்பதுதான் யோசனையாக இருந்தது. துணியை எடுத்த பிறகு வலது கையை விரிக்கப் பார்த்தேன். விரியவில்லை. விரல்கள் கோழிக்கால் போல உள்ளே மடங்கி நின்றன. வலி இல்லை. வலி இல்லாததுதான் பயமாக இருந்தது.

நான் ஓரிடத்தில் தங்கினவன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். விருதுநகரில் பருப்பு மூட்டை இறக்கினேன், லாரியில் கிளீனராக ஓடினேன், கோவில்பட்டி ஓட்டலில் இலை எடுத்தேன். அந்த வருஷம் தீபாவளி சீசனுக்கு நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்தேன். வெயிலில் காயப் போட்டிருந்த மத்தாப்புத் தட்டு பற்றிக்கொண்டது. தட்டைத் தள்ளிவிட்டது வலது கை. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தழும்பு இறுக்கம் என்றார் (தீப்புண் ஆறும்போது புதுத்தோல் சுருங்கி மூட்டுகளை மடக்கிப் பிடித்துக்கொள்வது). கடைசி இரண்டு விரல்களும் இனி நிமிராது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டால் கை வேலைக்கு ஆகும். அதுவும் இரண்டு மாதத்துக்குள். தழும்பு முற்றிவிட்டால் அறுவைதான், அதற்கு இங்கே வசதி இல்லை.

அன்று அந்த இரண்டு விரலுக்கும் நடுவே இரண்டு விரற்கடை தூரம் இருந்தது.

என் தங்கச்சி பாப்பாத்தி தினமும் வந்து எனக்குச் சோறு ஊட்டினாள். வேட்டி கட்டிவிட்டாள். எனக்கு வயது இருபத்தாறு. தன் வேட்டியைத் தானே கட்ட முடியாதவன் எந்த ஊருக்குப் போவான்? கை இப்படியே நின்றுவிட்டால் சாகும்வரை அவள் வீட்டு மூலைதான். இதை நினைத்தால் படுக்கை கொள்ளாது. எழுந்து ஆஸ்பத்திரி நடையில் நடப்பேன்.

"ஏலே, நீ நடக்குற நடையில எனக்குத் தலை சுத்துது," என்பார் பக்கத்துக் கட்டில் சம்சாரி. அச்சங்குளத்துப் பக்கம் விவசாயம், கால் முறிந்து கிடந்தார். "ஒன் காலை எங்கிட்டக் குடுத்துட்டு என் காலை மாட்டிக்க. ரெண்டு பேருக்கும் நல்லது."

எஸ்தர் என்ற நர்சம்மா பயிற்சி சொல்லிக் கொடுத்தார். கையை வெந்நீரில் முக்கி, தேங்காயெண்ணெய் தடவி, கட்டைவிரலை மெதுவாக ஆள்காட்டி விரல் பக்கம் கொண்டுவர வேண்டும். வேளைக்குப் பத்துத் தடவை, நாளுக்கு ஐந்து வேளை.

பட்டாசு வேலையில் எல்லாம் எண்ணிக்கைதான். இத்தனை உருப்படி என்பார்கள். சீக்கிரம் முடித்தவன் சீக்கிரம் வெளியே போவான். நான் அறிந்த ஒரே வேலை முறை அது. விடிந்ததும் ஐம்பதையும் ஒரே மூச்சில் செய்துவிட்டு, மீதி நாளெல்லாம் வாசலில் நின்று பஸ் பார்த்தேன். மறுநாள் நூறு செய்தேன். மூன்றாம் நாள் எண்ணவில்லை. நான்காம் நாள் உள்ளங்கைத் தோல் வெடித்து நீர் வடிந்தது.

"எம்புட்டு செஞ்சீக?" என்றார் எஸ்தர்.

"நீங்க சொன்ன அம்பதையும் காலையிலேயே முடிச்சிருவேன், நர்சம்மா. மேல கொஞ்சம் சேத்தும் செஞ்சேன்."

"முடிச்சிட்டீகளா? லோடு ஏத்தி அனுப்பியாச்சா?"

சம்சாரி சிரித்தார். எஸ்தர் சிரிக்கவில்லை. "இது ஆர்டர் இல்லீங்க. பத்து செஞ்சிட்டு நீங்க கைய விட்ட பெறகுதான் தோலு அதைப் படிக்குது. அதுக்கு நேரமே குடுக்காம அடிச்சிருக்கீக."

மறுபடியும் கட்டு. பன்னிரண்டு நாள் போயிற்று. அவிழ்த்தபோது தூரம் மூன்று விரற்கடை ஆகியிருந்தது. டாக்டர் சொன்ன கெடுவில் ஆறு வாரம் மீதி.

உங்களில் யாருக்காவது இப்படிக் கை சுட்டிருந்தால் ஒன்று சொல்வேன். பத்துத் தடவை செய்வது கஷ்டமில்லை. அடுத்த வேளைவரை சும்மா இருப்பதுதான் கஷ்டம். எனக்கு அது வரவே இல்லை. ஐந்து வேளையும் ஒழுங்காகச் செய்தும் ஒரு வாரத்தில் அரை விரற்கடைதான் குறைந்தது.

பாப்பாத்தி தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்குகிறவள். என்னோடு இருக்கும் நேரம் வீணாகக் கூடாதென்று, மருந்து முக்காத வெறுங்குச்சிகளையும் பள்ளம் வெட்டின பலகைகளையும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தாள். பள்ளத்துக்கு ஒரு குச்சி. வேறு வேலை இல்லாததால் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன அப்படிப் பாக்குறே?"

"ஒன் கையத்தான்."

"பத்து வருசமா அடுக்குறேன். இன்னைக்குத்தான் ஒனக்குக் கண்ணு தெரிஞ்சதாக்கும்."

"கொஞ்சம் மெதுவா எடு, பாப்போம்."

அவள் மெதுவாக எடுக்கப் பார்த்தாள். குச்சி நழுவியது. மறுபடியும் நழுவியது. "மெதுவாச் செஞ்சா வரமாட்டேங்குதுண்ணே," என்றாள் கூச்சமாக.

அவளிடம் கற்றுக்கொள்ள முடியாது என்று புரிந்தது. அவள் கைக்குத் தெரிந்தது அவளுக்கே தெரியவில்லை. என் இடது கையால் ஒரு குச்சியை எடுத்தேன். அது பழகாத கை, மந்தமாகத்தான் எடுத்தது. அதனால் பார்க்க முடிந்தது. கட்டைவிரல் நேராகக் குச்சிக்குப் போகவில்லை. முதலில் வெளியே விலகியது, வாய் திறப்பது போல. பிறகுதான் உள்ளே வந்தது. பத்துத் தடவை எடுத்துப் பார்த்தேன். பத்துத் தடவையும் அப்படியே.

நான் இத்தனை நாளும் கட்டைவிரலை உள்ளேயே தள்ளிக்கொண்டிருந்தேன். விலக வேண்டும் என்று நினைத்ததே இல்லை.

எஸ்தரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் தன் விரல்களையே அசைத்துப் பார்த்துவிட்டு, "செய்ங்க. ஆனா பத்துதான்," என்றார்.

முதலில் பருத்திமார், காய்ந்த பருத்திச்செடிக் குச்சி, அது தடிமன். அடுத்து பென்சில். ஐந்து நாளைக்கு ஒன்றும் நிற்கவில்லை. நன்றாக வருகிற வேளையில் பத்தோடு நிறுத்துவது, வராத வேளையில் நிறுத்துவதைவிடக் கொடுமை. நிறுத்தினேன். முந்தின நாள் வராதது சில காலைகளில் தானாக வந்தது. நான் சும்மா இருந்தபோது கை எங்கேயோ போய்ப் படித்துவிட்டு வந்தது போலிருந்தது.

ஒரு மத்தியான வேளை, மூன்றாவது தடவையில், ஒரு தீக்குச்சி இரண்டு விரலுக்கும் நடுவே நின்றது. யாரையும் கூப்பிடவில்லை. இன்னும் ஏழு பாக்கி இருந்தது.

கெடு முடிய ஆறு நாள் இருக்கையில் வேட்டியை நானே கட்டினேன். நடையில் பாதி தூரம் போவதற்குள் அவிழ்ந்தது. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று மறுபடி கட்டினேன். பாப்பாத்தி பார்க்காதது போலப் பலகையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பல ஊர் போய்விட்டேன். கடைசி இரண்டு விரல்கள் இன்றும் மடங்கியே இருக்கின்றன. மார்கழிக் குளிரில் நான் எழுந்து கால் மணி நேரம் கழித்துத்தான் வலது கை எழும்பும். போன வாரம் விருதுநகரில் நான் ஏற வேண்டிய விடிகாலை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரரிடம் வெந்நீர் வாங்கிக் கையை முக்கியிருந்தேன். ஆறாவது தடவை. "ஏறலையா?" என்று கேட்டார். பஸ் வளைந்து ரோட்டுக்குப் போகிறதைப் பார்த்தேன். கட்டைவிரலை வெளியே விலக்கினேன். ஏழு.