முச்சந்தியில் வைத்த எலுமிச்சம்பழம்

மலையேறப் போகும் பையை நானே கட்டினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். எதை எங்கே திணித்தேன் என்று அப்புறம் எனக்கே தெரியாது, அவ்வளவுதான். ஒருமுறை டார்ச் லைட்டைத் தேடி மொத்தப் பையையும் மழையில் கவிழ்த்த பிறகு அந்தப் பொறுப்பை என் தங்கை எடுத்துக்கொண்டாள். ஜோகுபாளையத்தில் அப்பா அம்மாவோடு இருக்கிறவள், நான் எங்காவது கிளம்புவதற்கு முந்தின நாள் இரண்டு பஸ் மாறி ஹெப்பகோடியில் இருக்கும் என் வாடகை வீட்டுக்கு வந்துவிடுவாள். தரையில் பழைய போர்வையை விரித்து, சாமான்களை அடுக்கி, பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து டிக் அடிப்பாள். எல்லாம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

"இப்பதானடி பாத்த?" என்று கேட்டால், "பாத்தேன். சரியா பாத்தனான்னு பாக்குறேன்" என்பாள்.

இந்த ஏப்ரலில் ஆபீஸ் ஆட்கள் எட்டுப் பேரோடு இமாசலத்துக்குப் பத்து நாள் நடைப்பயணம் போவதாக இருந்தது. கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை மதியம் அவள் வழக்கம்போல் போர்வையை விரித்து உட்கார்ந்தாள். நான் சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். உட்கார்ந்து பேச எனக்கு வராது. போனில் பேசினாலும் நடை, பல் துலக்கினாலும் நடை. ஆபீஸ் மீட்டிங்கில் மேஜைக்கடியில் என் கால் ஆடுவது பக்கத்து ஆளின் லேப்டாப் வரைக்கும் தெரியுமாம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்வாள்.

தங்கை பழங்கள் வைத்திருந்த பையைத் திறந்து இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்து என் பையின் பக்கவாட்டு ஜேபியில் போட்டாள். "மலை ரோட்டுல சுத்திச் சுத்திப் போவும். கொமட்டுச்சுன்னா மோந்துக்கோ."

நான் நின்றுவிட்டேன். நின்றதை அவள் கவனிக்கவில்லை, பட்டியலில் டிக் அடித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடமாக எலுமிச்சம்பழத்தைக் கடையில் பார்த்தாலும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன், ஆனால் அது அவள் கையிலிருந்து என் பைக்குள் போனது அன்றுதான் முதல் தடவை.

அப்போது நான் பத்தாவது, அவள் ஒன்பதாவது. இரண்டு பேரும் பள்ளியில் கைட்ஸில், அதாவது சாரணியர் படையில், இருந்தோம். நீலச் சீருடை, கழுத்தில் சுற்றிய ஸ்கார்ப், விசில். சனி ஞாயிறு முகாம் என்றால் எனக்கு வியாழக்கிழமையே தூக்கம் போய்விடும். எங்கள் வீடு ஒரே அறை. அப்பா பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டுகிற வேலையில் இருந்தார். அவர் நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கும்போது நாங்கள் பாத்திரத்தைக் கூட ஓசைப்படாமல் வைக்க வேண்டும். என்னைப் போன்ற ஒருத்திக்கு அது எப்படி இருந்திருக்கும்? கூடாரம், ஏரி, பகல் முழுவதும் நடை என்பதெல்லாம் எனக்குச் சாப்பாடு மாதிரி. தங்கைக்கு அப்படியில்லை. அவளுக்குப் பிடித்தது முடிச்சுகள், வரைபடம், முதலுதவிப் பெட்டியை ஒழுங்காக வைப்பது. வழியில் ஒரு பறவை இறகு கிடந்தால் நின்று எடுத்து நோட்டில் ஒட்டிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள். நான் அதற்குள் அரைக் கிலோமீட்டர் போயிருப்பேன்.

அந்த வருடம் ஆனேக்கல் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் இரண்டு நாள் முகாம். ஞாயிற்றுக்கிழமை நடைப்பயணம்தான் எங்கள் இருவருக்கும் தேர்வு. அதில் தேறினால் மாநில முகாமுக்குப் போகலாம், பத்து நாள், காட்டை ஒட்டி. அப்பா லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ரெண்டு பேரும் ஒட்டுக்கா போயி ஒட்டுக்கா வரணும். ஏதாவது ஏடாகூடமா ஆச்சுன்னா, இதோட முடிஞ்சிது. அப்புறம் ஸ்கூலு, வீடு, அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

தேர்வு இப்படி. என் அணி காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். வழியெல்லாம் குறி வைத்துக்கொண்டு போக வேண்டும். நேரே போ என்றால் அம்பு, இந்த வழி வேண்டாம் என்றால் பெருக்கல் குறி. ஒரு மணி நேரம் கழித்து என் தங்கை தலைமையில் ஏழு பெண்கள் அந்தக் குறிகளைப் படித்துக்கொண்டு பின்னால் வர வேண்டும். படித்து முடித்த குறியை அழித்துவிட்டுத்தான் அடுத்த அடி. வேறு யாரும் அதைப் பார்த்துக் குழம்பக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு வழக்கம். குறியை எதில் வைக்க வேண்டும் என்பதற்கும் விதி இருந்தது. எங்கள் கேப்டன் மிஸ், வீட்டில் கன்னடம் பேசுகிறவர், முதல் நாளே விரலை மடக்கிச் சொல்லியிருந்தார். "கல்லு, குச்சி, புல்லு. அஷ்டே, அவ்வளவுதான். ரோட்டு ஓரமா வைக்கணும். நடுவுல வேண்டாம்."

கல் பொறுக்க வேண்டும் என்றால் குனிய வேண்டும், உட்கார வேண்டும், அளவாகத் தேட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் ஒழுங்காகத்தான் செய்தேன். அப்புறம் எனக்குப் பொறுமை போய்விட்டது. மிஸ்ஸும் என் அணிப் பெண்களும் முன்னால் போய்விட்டார்கள், தூரத்தில் ஏரிக்கரை மரங்கள் தெரிந்தன, கால் நிற்க மாட்டேன் என்றது. ஒரு சிற்றூருக்குள் பாதை மூன்றாகப் பிரிந்த இடத்தில் செம்மண் தரை பெருக்கிவைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. பொறுக்க ஒரு கல் இல்லை. என் பையில் கோலப்பொடி இருந்தது. முகாமில் கூடாரத்துக்கு முன்னால் கோலம் போட்டால் காலை ஆய்வில் கூடுதல் மதிப்பெண் உண்டு, அதில் மிச்சமானது. முச்சந்திக்கு நடுவில் வெள்ளையாக ஒரு பெரிய அம்பு போட்டேன். மற்ற இரண்டு வழிக்கும் பெருக்கல் குறி. ஒரு நிமிட வேலை. கண்ணில் படாமல் போய்விடக் கூடாது என்று, மதியம் ஜூஸ் போடக் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தில் ஒன்றை எடுத்து அம்பின் முனையில் வைத்தேன். கொழுகொழுவென்று மஞ்சளாக, எனக்கே பார்க்க அழகாக இருந்தது.

ஜோகுபாளையத்தில் தெருமுனையில் எலுமிச்சம்பழம் கிடந்தால் நான் நாலடி சுற்றிக்கொண்டு போகிறவள். அந்த நிமிடம் அது என் மண்டையில் ஏறவே இல்லை.

பத்து மணிக்கு ஏரிக்கரையில் அடுப்புக்குக் கல் கூட்டினோம். எட்டு மணிக்குக் கிளம்பிய தங்கையின் அணி பதினொன்றுக்குள் வந்துவிட வேண்டும் என்று மிஸ் கணக்குப் போட்டார். பதினொன்று ஆயிற்று. சோறு வெந்து ஆறத் தொடங்கியது. நான் கரையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தேன். பன்னிரண்டு மணிக்கு மிஸ் போனை உயரத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், சிக்னல் இல்லை. அணியை இன்னொரு டீச்சரிடம் விட்டுவிட்டு, "வா, திரும்பிப் போய்ப் பாக்கலாம்" என்று என்னைக் கூப்பிட்டார். ஏழு பெண்கள், அவர்களோடு என் தங்கை. நடக்கவில்லை, ஓடினேன். மிஸ் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார்.

முச்சந்திக்கு நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். அம்பு இல்லை, பெருக்கல் குறி இல்லை, பழமும் இல்லை. தரை திட்டுத்திட்டாக மஞ்சளாகக் காய்ந்திருந்தது. முனை வீட்டு வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார். "அங்க நிக்காதம்மா, இந்தாண்ட வா. காலைல எந்தப் படுபாவியோ முச்சந்தில வெள்ளையா என்னென்னமோ கிறுக்கி, நடுவால எலுமிச்சம்பழம் வெச்சிட்டுப் போயிட்டான். செய்வினை. நான்தான் பழத்தத் தொடப்பத்தால தள்ளிட்டு மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவுனேன். சின்னப் புள்ளைங்க தாண்டுனா என்னாவறது?"

என் காலுக்கடியில் இருந்தது நான் போட்ட அம்பு. தலையை மட்டும் ஆட்டினேன். மிஸ் வந்து சேர்ந்தார். "ஏனம்மா, என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல மிஸ். நம்ம பொண்ணுங்கள பாக்கலயாம்."

அது முதல் பொய்.

இரண்டு மணிக்கு மிஸ்ஸின் போன் அடித்தது. தங்கைதான், ஒரு பெட்டிக்கடைக்காரரின் போனிலிருந்து. முச்சந்தியில் குறி எதுவும் இல்லாததால் அகலமான பாதையைப் பிடித்து நடந்து, ஒசூர் பஸ் போகும் சாலைக்கு வந்துவிட்டார்கள். தவறு என்று தெரிந்ததும் ஒருத்தியையும் தனியே விடாமல் பஸ் நிழற்குடையில் உட்காரவைத்து, தண்ணீரைப் பங்கு போட்டுக் கொடுத்து, போன் கிடைக்கிறவரை முயன்றிருக்கிறாள். நாங்கள் போனபோது ஏழு பேரும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் எழுந்து நின்று சல்யூட் வைத்தாள். உதடு காய்ந்து வெளுத்திருந்தது.

"மூணு வழி வந்த எடத்துல சைன் பாக்கலயா நீ?" என்றார் மிஸ்.

"அங்க ஒண்ணுமே இல்ல மிஸ். நான் சுத்திச் சுத்திப் பாத்தேன். தரை ஈரமா இருந்துச்சி, அவ்வளவுதான்."

மிஸ் என் பக்கம் திரும்பினார். "நீ வெச்சியா?"

"வெச்சேன் மிஸ்."

"எதுல?"

"கல்லுல மிஸ்."

அது இரண்டாவது. ஏன் சொன்னேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும், பூசி மெழுக வேண்டியதில்லை. கோலப்பொடி என்று சொன்னால் தேர்வு போச்சு. ஏரி, காடு, பத்து நாள் எல்லாம் போச்சு. அப்புறம் அந்த ஒற்றை அறை. அதை நினைத்ததும் வாய் தானாகக் கல் என்றது.

தங்கை என்னைப் பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "அக்கா வெச்சேன்னு சொன்னா வெச்சிருப்பா மிஸ். நான்தான் சரியா பாக்கல போல. எங்க ஆளுங்க யாராச்சும் மிதிச்சிருப்பாங்க" என்றாள்.

மிஸ் பதிவேட்டில் எனக்குத் தேர்ச்சி என்றும் அவளுக்கு இல்லை என்றும் எழுதினார். அன்று சாயங்காலம் அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவளைத்தான், "கண்ணத் தொறந்து வெச்சிக்கினு நடக்கத் தெரியல, ஏழு பொண்ணுங்கள கூட்டிக்கினு போயிட்டா" என்றார். அவள் கைட்ஸ் அதோடு முடிந்தது. தப்பு என்னுடையதில்லை என்று அப்பா விட்டுவிட்டதால் நான் மாநில முகாமுக்குப் போனேன். என் ஸ்கார்பை அவள்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அங்கே நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்து நாளில் ஒரு நாள் கூட அழவில்லை.

அவளுடைய இந்த மறுபடி மறுபடி பார்க்கிற பழக்கம் எப்போது ஆரம்பித்தது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. எனக்கு இருக்கிறது. அடுத்த வாரமே பள்ளிக்குக் கிளம்பும்போது பூட்டை இழுத்துப் பார்த்தவள் தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனாள். அப்புறம் கேஸ் அடுப்பு. அப்புறம் பரீட்சையில் எழுதிய விடையையே திரும்பத் திரும்பப் படித்துக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டு வருவது. இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற வேலை. அங்கே அவளுக்கு ரொம்ப நல்ல பெயர். ஒரு சீட்டு கூட மாறியதில்லையாம். அம்மா அதைப் பெருமையாகச் சொல்லும்போது நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

மலை மலையாக ஏறியிருக்கிறேன். ஓர் உச்சியிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்ததில்லை. இறங்கலாமா, அடுத்தது எது என்று கூட வந்தவர்களை நச்சரிப்பேன். சுறுசுறுப்பு என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அன்றைக்கு அந்தச் சனிக்கிழமை மதியம், பக்கவாட்டு ஜேபியிலிருந்து பழத்தை வெளியே எடுத்தேன். "வேணாமா? டிக் அடிச்சிட்டனே" என்றாள். நான் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன். கோலப்பொடி, அம்பு, பழம், அந்த அம்மா, துடைப்பம், மஞ்சள் தண்ணீர், மிஸ்ஸிடம் சொன்ன இரண்டு பொய். ஒரே ஓட்டமாகச் சொல்லி முடித்தேன். திட்டுவாள், பட்டியலைக் கிழித்து என் மூஞ்சியில் எறிவாள் என்று நினைத்தேன். எறிந்தால் தேவலை என்றிருந்தது.

அவள் பேனாவுக்கு மூடி போட்டாள். "அந்தம்மா எப்ப கழுவுனாங்க?"

"காலைல. நான் போன கொஞ்ச நேரத்துல."

"நான் வர்றதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா."

"அப்ப அங்க ஒண்ணுமே இல்ல?"

"ஒண்ணுமே இல்ல."

கீழே தெருவில் யாரோ தண்ணீர் லாரிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் போர்வையின் மேல் அடுக்கியிருந்த சாமான்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் துடைக்கவில்லை.

"அப்ப நான் சரியாத்தான் பாத்திருக்கேன்?"

"ஆமா. நீ சரியாத்தான் பாத்த."

மறுபடியும் கேட்டாள். "நெஜமாவே சரியாத்தான் பாத்தேனா, அக்கா?"

அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, மறுபடியும் ஆமாம் என்றேன். அவள் திரும்பக் கேட்பாள் என்று தெரிந்ததால் எழுந்திருக்கவில்லை.