அரைக்கதவு

தெருவில் எல்லோருக்கும் அவர் குதிரைக்காரர். தொழில் என்னவோ தச்சு வேலை. குதிரையைக் கிட்டத்தில் பார்த்ததே இரண்டு தடவைதான். இரண்டாம் தடவை அது அவர் தொப்பியைத் தின்றுவிட்டது. ஆனால் கௌபாய் படம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

மனைவியின் தம்பி வந்துவிட்டால் வாதம் தூள் பறக்கும்.

"தொப்பி, துப்பாக்கி, குதிரை. மூணும் இருந்தா கௌபாய் படம். அவ்வளவுதானே மாமா?"

"அதெல்லாம் சர்க்கஸ்லயும் இருக்கே மாப்ளே. கதவு வேணும். சாராயக்கடை வாசல்ல ஆடுமே, அந்த அரைக்கதவு. அதைத் தள்றவன் உடனே உள்ள வரக்கூடாது, நிக்கணும். சீட்டாடுற கை நிக்கணும், பியானோ நிக்கணும். ஒருத்தன் வந்திருக்கான்னு அந்த அறைக்கே தெரியணும். அப்புறம் சுட்டா என்ன, சுடாட்டி என்ன?"

"அப்ப குதிரை எதுக்காம்?" என்பாள் மனைவி, அடுப்பைப் பார்த்தபடி.

"கதவு வரைக்கும் வர்றதுக்கு."

பேச்சோடு விட்டாரா? கல்யாணமான ஆறாம் வருடம், மிஞ்சிய தேக்குப் பலகையில் இரண்டு அரைக்கதவுகள் இழைத்து, ஸ்பிரிங் கீல் வைத்துச் சமையலறை வாசலில் மாட்டிவிட்டார். வேலை முடிந்து வந்ததும் கதவைத் தள்ளி, மரத்தூள் ஒட்டிய சட்டையோடு நிற்பார்.

"வழியை விடுங்க, பால் பொங்குது."

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன், பாத்துட்டேன்."

அப்புறம்தான் உள்ளே அடி வைப்பார். சண்டை போட்ட நாட்களில் அவள் வேண்டுமென்றே நிமிரமாட்டாள். கால் மணி நேரம்கூட நின்றிருக்கிறார்.

கதவு அவள் முழங்கையை இடித்துக்கொண்டே இருந்தது. "இந்தச் சனியனை என்னைக்குக் கழட்டப் போறீங்க?" என்பது இருபத்தெட்டு வருடப் பாட்டு.

போன மாதம் அவர் போய்விட்டார். அம்மா ஆசையையாவது நிறைவேற்றுவோம் என்று மகன் திருப்புளியோடு வந்தான். இடது கதவு கழன்று சுவரில் சாய்ந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் சட்டென்று குழாயை மூடினாள்.

"வெளிய போய்ட்டு வா."

மிச்சமிருந்த கதவை இடித்துத் தள்ளிக்கொண்டு விறுவிறுவென்று வந்தான்.

"அப்படி இல்லடா. தள்ளிட்டு நில்லு."

மறுபடி போய் வந்து நின்றான். அவள் முதுகைக் காட்டியபடி கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"பாத்துட்டேன். அந்தக் கதவை எடுத்து மாட்டு."

"இத்தனை வருஷமா இடிக்குதுன்னியே?"

"இடிக்கட்டும்."