சாயம் பூசாத முடிக்குச் சாயம்

நுவரெலியா மாவட்டம் என்றாலே குளிர் என்றுதான் படம் எடுக்க வருகிறவர்கள் நினைக்கிறார்கள். பனி விலகியதும் வெயில் உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற எனக்கு இது படித்துத் தெரிந்த விஷயமில்லை. தலைத்துணிக்குள் இருக்கிற என் முடி கறுப்பு. வெளியே நெற்றியில் கிடப்பதும் பின்னலின் நுனியும் செம்பட்டை. பக்கத்து நிரையில் பறிப்பவளுக்குச் சுருட்டை முடி. அது காய்ந்து நாராகி, சீப்பு வைத்தால் முறிந்து வரும். கங்காணிக்கு முழு நரை. வெயில் அதையும் விட்டுவைக்காமல் மஞ்சளாக்கிவிட்டது. அதைப் பற்றிப் பேசினால் அவருக்குப் பிடிக்காது.

என் மகளுக்கு மெல்லிய முடி. அவள் எண்ணூறு மீற்றர் ஓடுகிறவள். வலயப் போட்டிக்குத் தேர்வானதிலிருந்து தினமும் மத்தியானம் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடினாள். ஓடுகிற பிள்ளை தலையில் துணி கட்டிக்கொண்டா ஓடும்? கொஞ்ச நாளில் முடி முழுக்கச் செப்பு நிறமாகிவிட்டது. ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, மாணவிகள் டை பூசக் கூடாது, முடி கறுப்பாகும்வரை ஓடவும் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்று அவள் ஓடுகிற சப்பாத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் மலையிலிருந்து நேரே பள்ளிக்கூடம் போனேன். வெயில்தான் காரணம் என்றேன். வெயில் பட்டால் தோல் கறுக்கும்தானே, முடி மட்டும் எப்படி வெளுக்கும் என்று ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்குக் காரணம் தெரியாது, சாட்சிதான் இருந்தது. தலைத்துணியை அவிழ்த்துக் காட்டினேன். அவர் நிதானமாகப் பார்த்தார்.

“ஓ, அம்மாவும் கலர் பண்றீங்களா,” என்றார். “அப்ப பிள்ளைய சொல்லி என்ன செய்ய?”

அழுகை வந்தது. அவர் முன்னால் அழக் கூடாது என்று துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பஜாரில் இருந்ததிலேயே மலிவான கறுப்பு டை ஒரு பெட்டி வாங்கினேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் டை பூசியதில்லை. டை பூசக் கூடாது என்ற சட்டத்துக்குக் கட்டுப்பட்டு முதன்முதலாகப் பூசினோம். மகளின் காதோரமும் சேர்ந்து கறுத்தது. அடுத்த நாள் ஆசிரியர் பார்த்துவிட்டு, சொன்னால் கேட்கிற பிள்ளை என்று பாராட்டி, ஓட அனுமதித்தாராம்.

போட்டிக்கு நானும் போனேன். கடைசிச் சுற்றில் எல்லாரையும் பின்னால் விட்டு முதலாவதாக வந்தாள். வியர்வையோடு டையும் கரைந்து, கழுத்து வழியாக வெள்ளை பெனியனில் கறுப்பாக இறங்கியது. மாட்டிக்கொண்டோம் என்று பயந்து, ஓடிப்போய்த் துண்டால் துடைத்தேன். அதற்குள் ஆசிரியர் பள்ளிக்கூட அதிபரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மகளின் தலையைக் காட்டி, நம் பிள்ளைகளுக்கு இயற்கையான முடிதான் அழகு என்று அவரிடம் சொன்னார். அதிபரும் தலையாட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பதக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சேர் முடியத்தாம்மா பாத்தாரு,” என்றாள். “நான் ஓடுனத பாத்தாரா?”

நான் பார்த்தேன் என்று சொன்னேன். அது அவளுக்குப் போதவில்லை.