பத்து ஸ்லாட் பெட்டியும் நானும்

ரவுட்டர் பெட்டியில் கார்டு மாட்டுகிற வேலையில் ஒரு விசேஷம் உண்டு: ஒழுங்காகச் செய்தால் நாம் இருப்பதே யாருக்கும் தெரியாது, ஒரு நிமிஷம் பிசகினால் நரிக்குடி வரைக்கும் தெரிந்துவிடும்.

ரவுட்டர் என்றதும் வீட்டுச் சுவரில் கொம்பு வைத்து மாட்டியிருக்கிற சின்னப் பெட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது அதுகளுக்கெல்லாம் தாய்ப் பெட்டி. அரை பீரோ உயரம் இருக்கும். முன்பக்கம் பத்து ஸ்லாட். ஒவ்வொன்றிலும் ஒரு கார்டு, அலமாரியில் பெரிய புத்தகம் நிற்கிற மாதிரி நிற்கும். அடியில் காற்றாடிகள் நிற்காமல் இரைந்துகொண்டே இருக்கும். அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் வரைக்கும் எங்கள் கம்பெனி நெட்டு வாங்கிய வீட்டில் யார் என்ன பார்த்தாலும், யாரோடு பேசினாலும், அது இந்தப் பெட்டிக்குள் வந்துவிட்டுத்தான் போகும். கெட்டுப்போன கார்டை உருவிவிட்டு, புதுசைச் சொருகி, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது என் வேலை.

நான் படித்தது எட்டாப்பு. இந்தப் பெட்டி இருக்கிற ரூமைக் கூட்டித் துடைக்கத்தான் சேர்ந்தேன். கார்டு வேலை பார்த்த அண்ணன் பெங்களூருக்குப் போய்விட, மதுரை ஆபீசில் இருந்து ஃபோனில் அதை அழுத்துங்க, இதை உருவுங்க என்று சொல்லிச் சொல்லி என்னை வைத்தே ஓட்டினார்கள். பிறகு, ஆறு மாசம் பார்ப்போம், தேறினால் இந்த வேலை உங்களுக்கு, இல்லையென்றால் மதுரையில் இருந்து படித்த ஆள் வருவார் என்று சொல்லிவிட்டார்கள்.

தேறாவிட்டால் எனக்கு மறுபடி மில்லுதான். வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிப் போகிறவர். முன்னால் நான் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தபோது பாப்பாவைக் கமுதியில் என் அம்மாவிடம் விட்டிருந்தேன். மாசத்துக்கு ஒரு நாள் பார்க்கப் போவேன். பாப்பா கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, யாரு அது என்று என் அம்மாவிடம் கேட்பாள். அந்த ஆறு மாசமும் எந்தப் பயத்தோடு பெட்டிக்கு முன்னால் நின்றேன் என்பதை, நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் வராமல், வேலைக்குப் போகாமல் இருக்கவும் முடியாமல் இருக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கட்டிப் போட்ட கை

பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் கையில் ஒரு நீலப் பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதில் இருந்து சுருள் வயர் ஒன்று போய்ப் பெட்டியின் உடம்பில் மாட்டிக்கொள்ளும். நமக்கே தெரியாமல் நம் உடம்பில் கொஞ்சம் கரண்டு இருக்குமாம். பாலியஸ்டர் சேலை கட்டினால் இன்னும் கூடுதலாம். அது பட்டால் கார்டு செத்துப்போகும், நமக்கு ஒன்றும் தெரியாது. இந்தப் பட்டைதான் அந்தக் கரண்டை ஒழுங்காக வழியனுப்பி வைக்கிறது.

ஒரு நாள் மதுரையில் ஏதோ பார்த்துச் சொல்கிறோம், அப்படியே இருங்கள் என்றார்கள். நானும் பட்டையை அவிழ்க்காமல் தரையில் உட்கார்ந்தே இருந்தேன். முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. கீழே உரக்கடை வைத்திருக்கிற கட்டடச் சொந்தக்காரர் மீட்டர் பார்க்க மாடிக்கு வந்தவர், கண்ணாடிக் கதவு வழியாக என்னையும் வயரையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கதவைக் கொஞ்சமாகத் திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டிக் கேட்டார்: "ஏத்தா, ஓடிப்போயிருவன்னு கட்டிப் போட்டுட்டாய்ங்களா? சத்தம் போடாம இரு, நா அவுத்து விடுறேன்."

தலையாட்டல்

மதுரை ஆபீசில் எனக்கு வேலை சொல்கிறவர் பிரபு சார். என்னைவிட வயசில் சின்னவர்தான், குரலிலேயே தெரியும். முதல் மாசம் பூராவும் அவரோடு பேசுவதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. மூன்றாவது ஸ்லாட்டில் ஆரஞ்சு விளக்கு எரியுதா என்று கேட்பார். எரியும். நான் பலமாகத் தலையாட்டுவேன். ரெண்டு பக்கமும் திருகாணியைக் கழற்றிட்டீங்களா என்பார். அதற்கும் ஆட்டுவேன். அவர் ஹலோ, ஹலோ என்பார். பிறகு ஒரு நாள், கோபமே இல்லாமல் சொன்னார்: "அக்கா, நீங்க நல்லாத்தான் தலையாட்டுறீங்க போல. ஆனா மதுரைக்குக் கேக்க மாட்டேங்குதே."

வெக்கை

சித்திரை வெயிலில் எங்கள் பக்கம் வீட்டுக்குள் உட்கார முடியாது. கதவு, சன்னல் எல்லாவற்றையும் திறந்து போட்டுக்கொண்டு, காத்து வராதா என்று பார்த்துக்கொண்டிருப்போம். அப்படி ஒரு நாள் ஏசி ஒன்று மக்கர் செய்து, பெட்டிக்குச் சூடு ஏறிவிட்டது என்று மஞ்சள் விளக்கு எரிந்தது. பத்து ஸ்லாட்டில் ரெண்டு காலி. காலி ஸ்லாட்டின் வாயைத் தகட்டால் மூடித் திருகாணி போட்டிருப்பார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. யாரிடமும் கேட்காமல் ரெண்டு தகட்டையும் கழற்றி வைத்தேன். நல்லா காத்தோட்டமா இரு என்று நினைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று மூன்றாகிவிட்டது. பிரபு சார் ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு, அடியில் இருந்து காற்றாடி தள்ளுகிற காற்று கார்டுகளுக்கு நடுவே புகுந்து போனால்தான் சூடு இறங்கும், வாயைத் திறந்து வைத்தால் காற்றெல்லாம் அந்த வழியாகவே வெளியே வந்துவிடும், பக்கத்துக் கார்டு வெந்துபோகும் என்று விளக்கினார். ரெண்டு தகட்டையும் திரும்ப மாட்டித் திருகாணி போட்டேன். ஆபீசில் என்மேல் புகார் எழுதிவிடுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "பாவம் பாத்துத் தொறந்து விட்டீங்க சரி. அதுக்குல்ல காச்சல் வந்துருச்சு."

வீரசோழன் போகிற வழி

ஒரு வெள்ளிக்கிழமை வீரசோழன் பக்கம் நெட்டு நின்றுபோனது. கண்ணாடி நூல் மாதிரி இருக்கிற வயர் கார்டில் வந்து சொருகுகிற இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு உருப்படி இருக்கும். அது கெட்டுவிட்டது. புதுசு மதுரையில் இருந்து பஸ்ஸில் வரவேண்டும். பத்து மணிக்கெல்லாம் வீரசோழனில் இருந்து ஒரு அம்மா நேரே கிளம்பி வந்துவிட்டார்கள். அவுக மகன் சவுதியில் இருக்கிறாராம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கமாம். ஃபோன் பண்ணிப் பார்த்தால் ஒருத்தரும் எடுக்கவில்லை, அதான் நானே வந்துட்டேன் என்று படிக்கட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். போங்கள், சரியாகிவிடும் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் மட்டும் கொண்டுவந்து கொடுத்தேன்.

மத்தியானம் உருப்படி வந்து, மாட்டி, பச்சை எரிந்தது. வீட்டில் இருந்து மருமகள் அந்த அம்மாவுக்கு ஃபோன் போட்டு நெட்டு வந்துவிட்டது என்றாள். அவுக உடனே கிளம்பாமல் கதவுப் பக்கம் வந்து, எங்க ஊருக்குப் போற வயர் எது என்று கேட்டார்கள். வெளியாட்களை உள்ளே விடக்கூடாது. அதனால் நான் உள்ளே போய் நின்று அந்த மஞ்சள் வயரை ரெண்டு விரலால் தொட்டுக் காட்டினேன். கதவுக் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "இத்துனூண்டு நூலு வழியாவாம்மா எம் மவன் வாரான்? அவனுக்கு வலிக்காமப் புடிம்மா."

தட்டிப் பார்த்தது

அங்கன்வாடி லீவு விட்ட ஒரு நாள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு, சிலேட்டும் முறுக்கும் கொடுத்து உட்கார வைத்தேன். நான் உள்ளே காற்றுப் போகிற வழியில் இருக்கிற வடிகட்டியைக் கழற்றினேன். தறி ஓடுகிற ஊரில் பஞ்சுத் தூசிக்குக் கேட்கவா வேண்டும், ஒரு சின்னத் தலையணைக்குக் காணும். அதை எடுத்துக்கொண்டிருக்கும்போது பாப்பா டொக்கு டொக்கு என்று கதவைத் தட்டினாள். என்ன என்று திரும்பினால் ஒன்றுமில்லை, சிலேட்டில் கிறுக்கிக்கொண்டிருப்பாள். அஞ்சு நிமிஷம் கழித்து மறுபடி தட்டல். இப்படி ஒரு பதினஞ்சு தடவை. கடைசியில் எரிச்சலாகி வெளியே வந்து, எதுக்குடி சும்மா சும்மா தட்டுற என்று அதட்டினேன். சிலேட்டில் இருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நீ இருக்கியான்னு பாத்தேன்."

உள்ளே விழுந்தது

ஆறு மாசம் முடிகிற வாரம், நரிக்குடிப் பக்கம் பார்க்கிற கார்டை மாற்ற வேண்டி வந்தது. பதினொன்றில் இருந்து பன்னிரண்டு வரைக்கும் நெட்டு வராது என்று எல்லாருக்கும் மெசேஜ் போயிருந்தது. அன்றைக்கு ஃபோனில் பிரபு சாரோடு மேனேஜரும் இருந்தார். என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் அவர்தான். ஃபோனைச் சத்தமாக வைத்து ஸ்டூலில் நிறுத்தினேன். நகை போட்டுக்கொண்டு பெட்டியைத் தொடக்கூடாது என்பது முதல் சட்டம். வளையலைக் கழற்றினேன், மெட்டியைக் கழற்றினேன். மஞ்சக் கயிற்றை எப்போதும்போல ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். பட்டை கட்டினேன். ரெண்டு பக்கத்து நெம்புகோலையும் ஒருசேரத் திறந்து, பழைய கார்டை ஆடாமல் உருவிப் பைக்குள் வைத்தேன். பிரபு சார், காலி ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்க அக்கா, கார்டு சொருகுற எடத்துல ஊசி எதுவும் வளைஞ்சிருக்கான்னு, என்றார். குனிந்து பார்த்தேன். கயிறு வெளியே வந்து தொங்கியது. அதில் இருந்து என்னமோ மின்னிக்கொண்டு உள்ளே போனது.

தாலிக் கயிற்றில் நாலைந்து ஊக்கு மாட்டிவைப்பது எங்கள் பக்கத்துப் பொம்பளைகள் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். சேலை மடிப்புக்கு ஆகும், காலில் கருவேல முள் ஏறினால் எடுக்க ஆகும். அதை நகை என்று யார் நினைத்தார்கள். தடவிப் பார்த்தேன். ஒன்று குறைந்தது. காற்றாடி இரைச்சலில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஃபோனில் மேனேஜர், புது கார்டை ஏத்தலாமா என்று கேட்டார். கார்டு கையில் இருக்கிறது. சொருகிவிட்டால் பச்சை எரியலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்னொரு நாள் அந்த ஊக்கு எங்காவது ரெண்டு ஊசியைச் சேர்த்துத் தொட்டுப் பெட்டியே கருகிப்போகலாம். சொன்னால், முதல் சட்டத்தையே மீறியவள் என்று இன்றைக்கே சீட்டுக் கிழியும். அடுத்த வாரம் பாப்பாவையும் துணிமணியையும் தூக்கிக்கொண்டு கமுதி பஸ்ஸில் ஏறவேண்டியதுதான். மேனேஜர் மறுபடியும், லைன்ல இருக்கீங்களா என்றார். யாரும் கேட்காமல் நானாக அந்த ஃபோனில் பேசியது அன்றைக்குத்தான். "சார், நிறுத்துங்க. என் தாலிக் கயித்துல இருந்த ஊக்கு உள்ள விழுந்திருச்சு," என்றேன்.

ஊக்குன்னா என்னய்யா என்று மேனேஜர் கேட்பதும், சேஃப்டி பின்னு சார் என்று பிரபு சார் மெதுவாகச் சொல்வதும் கேட்டது. அப்புறம் வேலைதான். காற்றாடித் தட்டை வெளியே இழுக்கச் சொன்னார்கள். ரெண்டு நிமிஷத்துக்குள் திரும்ப வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி சூடாகித் தானாக நின்றுவிடும், காற்றாடி சுற்றி அடங்கும்வரை விரல் வைக்காதீங்க என்றார்கள். இழுத்தேன். தட்டின் கம்பி வலையில், வாயைத் திறந்தபடி ஊக்கு கிடந்தது. எடுத்தேன், தட்டைத் தள்ளினேன், கார்டைச் சொருகினேன், நெம்புகோலை மூடினேன். பச்சை எரிந்தது. மணி பன்னிரண்டே கால். நரிக்குடி கால் மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தது. நான் பட்டையை அவிழ்க்காமலே நின்றுகொண்டிருந்தேன், என்ன சொல்வார்களோ என்று. அப்போதுதான் மேனேஜர் பிரபு சாரிடம் சொன்னது கேட்டது: "மத்த ஊரு ரூமுலயும் லேடீஸ் வேலை பாக்குறாங்க. எத்தனை பெட்டிக்குள்ள எத்தனை ஊக்கு கெடக்கோ, யாருக்குத் தெரியும். சொன்னது இந்தம்மா ஒருத்தர்தான். இவங்களை மாத்தாதீங்க."

இந்த வட்டாரம் பூராவும் நாள் முழுக்கத் தடையில்லாமல் பேசிக்கொண்டிருக்க, பேசத் தெரியாத நான் ஒரே ஒரு தடவை வாயைத் திறக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.