பூசையில் இருந்த எர்த் ராடு

1958ஆம் ஆண்டின் கோடையில், கருகிய குரங்கு ஒன்றைச் சாக்கில் சுமந்தபடி ஜப்பார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சவ்வாது மலையடிவாரத்தில், போளூர்ச் சாலையோரம் புதிதாக எழுந்திருந்த மின் நிலையத்தின் வேலியை ஒட்டி என் வீடு இருந்தது. நான் அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியை. அவர் அந்நிலையத்தில் கம்பியில் ஏறிப் பழுது பார்ப்பவர்.

"டீச்சரம்மா, கடப்பாரை இருந்தா குடுங்க. ஆழமா பொதைக்கலன்னா நரி தோண்டிடும்."

எப்படி இறந்தது என்று கேட்டேன்.

"இந்தக் கையில கம்பி, அந்தக் கையில இரும்பு. ரெண்டையும் சேத்துப் புடிச்சிச்சு. அவ்ளோதாம்மா."

வாணியம்பாடியில், தோல் பதனிடும் சுண்ணாம்புத் தொட்டிகளில் நின்று உழைத்தவர் அவர். கால்விரல் இடுக்குகளில் சுண்ணாம்பு அரித்த புண்களின் வடு இருந்தது. நிலையத்துக்குக் குழி தோண்ட வந்து, அங்கேயே வேலையில் அமர்ந்தார். என் சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தால் நிலையத்தின் முற்றம் வெறும் இரும்புக் காடாகத் தெரியும். அங்கிருந்த ஒவ்வொன்றையும், அது கொல்லும் விதத்தைக் கொண்டே ஜப்பார் எனக்கு அடையாளம் காட்டினார்.

முனகிக்கொண்டே நிற்பது டிரான்ஸ்பார்மர். அதன் வயிறு முழுவதும் எண்ணெய். தீப்பிடித்தால் நெருங்க முடியாது. தொட்டியின் மேல் பீங்கான் கொம்புகள் முளைத்தாற்போல் இருப்பது பிரேக்கர்; உள்ளே மின்சாரம் துண்டிக்கப்பட்டதா என்பது வெளியே தெரியாது. அப்படி ஒன்று வெடித்தபோது, மூடி பறந்து வந்து காவலாளியின் தாடையைப் பெயர்த்துவிட்டது. கத்தியைப் போல் கை விரித்து நிற்பது ஐசொலேட்டர்; அது திறந்து கம்பியைத் துண்டித்திருப்பதைக் கண்ணால் காணலாம். கண்ணால் காண்பதனாலேயே அதனிடம் ஏமாறுவார்கள் என்பார்.

"கத்தி நம்ம பக்கத்தத்தாம்மா வெட்டும். அந்தாண்ட முனையிலேர்ந்து எவனாவது ஏத்திவுட்டா? எர்த் ராடு மாட்டலன்னா நான் எங்கப்பனையே நம்ப மாட்டேன்."

எர்த் ராடு என்பது நீண்டதொரு மூங்கில் கழி. அதன் நுனியில் கொக்கி. கொக்கியிலிருந்து தரைக்கு இறங்கும் செம்புக் கம்பி. மேலே ஏறுவதற்கு முன் அதை மாட்டிவிட்டால், தவறி வரும் மின்சாரம் மனிதனை விட்டுவிட்டு மண்ணுக்குள் போய்விடும்.

1963ஆம் ஆண்டு ஆயுத பூசையன்று, நிலையப் பொறுப்பாளர் சின்னதம்பி சுண்டல் வாங்கிக்கொள்ள என்னை அழைத்திருந்தார். சாமி படத்தின் முன்னால் குறடுகளும் ஏணியும் எர்த் ராடுகளும், மஞ்சள் குங்குமம் பூசப்பட்டுக் கிடந்தன. மறுநாள் மறுபூசை முடியும்வரை அவற்றைத் தொடக் கூடாது என்பது வழக்கம். வேலையில் இருந்த ஜப்பாரின் இடுப்பிலிருந்த ஸ்பேனர் மட்டுமே பூசைக்குப் போகவில்லை.

பிற்பகலில் இடி விழுந்தது. கண்ணமங்கலம் பக்கம் செல்லும் கம்பியைத் தாங்கிய பீங்கான் சிதறி, அதன் சில்லுகள் என் வீட்டு ஓடுகளில் தெறித்தன. ஊரில் மின்சாரம் நின்றது. மாலையில் அம்மன் புறப்பாடு. விரைவிலேயே நிலையத்தின் வாயிற்கதவின் முன் கூட்டம் திரண்டது. நான் வேலியோரம் வந்து நின்றேன்.

"டேய் சின்னதம்பி! சாமிய இருட்டுல தூக்கினு போவச் சொல்றியா? கரண்ட வுடுறியா, கைய முறிக்கவா?"

பறந்து வந்த கல் சின்னதம்பியின் புருவத்தைப் பிளந்தது. இரத்தம் கண்ணை மறைக்க, அவர் பிரேக்கரையும் ஐசொலேட்டரையும் திறந்து அந்தக் கம்பியைத் துண்டித்தார். மறுமுனை நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினார்.

"அண்ணே, எர்த் ராடு," என்றார் ஜப்பார்.

"சாமிகிட்ட கீது ஜப்பாரு. நாளைக்கித்தான் எடுக்கணும். அந்தாண்ட நிறுத்திட்டேன்னு சொல்ட்டாங்க. இன்னா பயம்?"

"உங்க சாமி முன்னால வெச்சத நான் தொடறது மொறையில்ல. நீங்களே எடுத்துக் குடுங்கண்ணே."

சின்னதம்பி படத்தின் பக்கம் திரும்பினார், நகரவில்லை. அடுத்த கல் ஜப்பாரின் விலாவில் விழுந்தது. "இன்னாடா வேடிக்க பாக்கற? ஏறுடா!" என்று கூட்டம் கத்தியது. உடைந்த பீங்கானை மாற்ற அவர் ஏறினார்.

மறுமுனையில் யாரோ மின்சாரத்தை ஏற்றிவிட்டார்கள். நீல நெருப்பு சீறியது. ஜப்பாரின் உடல் வில்லாக வளைந்து, கம்பியோடு ஒட்டிக்கொண்டு துடித்தது. சதை கருகும் நாற்றம் சாலைவரை வந்தது. கூட்டம் கற்களைப் போட்டுவிட்டு ஓடியது.

சின்னதம்பி பூசையின் மேல் பாய்ந்தார். விளக்கு உருண்டது, பொரி சிதறியது. எர்த் ராடை உருவி வந்து, செம்புக் கம்பியின் முனையைத் தரையில் பதித்த இரும்புப் பட்டையில் முடுக்கி, கொக்கியைக் கம்பியின் மேல் எறிந்து மாட்டினார். முற்றமே வெடித்தது போலிருந்தது. மின்சாரம் அறுந்தது. எரிந்த கழியில் அவருடைய உள்ளங்கைத் தோல் உரிந்து ஒட்டியிருந்தது. ஜப்பார் சரளைக் கற்களின் மேல் விழுந்தார்.

வேலூரில் அவருடைய இரு கைகளையும் தோளோடு வெட்டி எடுத்தார்கள். பின்னர் உடம்பெங்கும் நஞ்சேறியது. பிழைக்க மாட்டார் என்று அவர் மனைவி சகிலாவிடம் சொல்லிவிட்டார்கள். நான் அவளருகில் இருந்தபோது, இரு கைகளிலும் கட்டுடன் சின்னதம்பி வந்தார். சகிலா எழுந்து அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். புருவத்துத் தையல் பிரிந்து இரத்தம் வழிந்தது.

"அந்தக் கம்பிய எடுத்துக் குடுக்க உனுக்குக் கை வரல! என் வூட்டுக்காரர் கையத்தான் வெட்டிப் போட்டாங்க. அதையும் எடுத்தும்போயி பூசையில வெய்யி, போ!"

"அடிங்கம்மா," என்றார் சின்னதம்பி. அவர் உதடுகள் வெடித்திருந்தன. மறுபடியும் அறைந்தாள். அவர் தடுமாறி மேசையில் மோதினார். உருளப்போன தண்ணீர்ச் செம்பைப் பிடிக்க முயன்றார். கட்டுகளுக்குள் விரல்கள் மடங்கவில்லை. செம்பை நான் பிடித்தேன். மூன்றாம் முறை சகிலா கையை ஓங்கியபோது ஜப்பார் கண் திறந்தார்.

"வுடு சகிலா. எங்க ரெண்டு பேருக்கும் கை இல்ல. அண்ணனுக்கு நீ கொஞ்சம் தண்ணி புகட்டு."